சனிக்கிழமை வண்டில்

பதினேழு நாள் ஆசுப்பத்திரிக் கட்டிலில் கிடந்துவிட்டு வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து விசாரிக்க வருகிறவர்களிடம் செங்கமாரி என்று சொல்லி வைத்திருக்கிறோம். கண் மஞ்சளானது உண்மைதான். ஆனால் வந்தது செங்கமாரியில்லை, எலிக்காய்ச்சல். ஐந்தாம் வகுப்புக்குச் சுகாதாரப் பாடம் படிப்பிக்கிற வாத்தியாருக்கு, தன் வீட்டுக் குப்பையில் வளர்ந்த எலியால் காய்ச்சல் வந்தது என்று சொல்ல நா எழவில்லை. இன்னும் இரண்டு கிழமை ஓய்வு என்றிருக்கிறார்கள். சும்மா இருக்கிற நேரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். படிக்கிறவர்களில் ஒருவராவது காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலுள்ள கோடிப்புறத்துக்குப் போனால் போதும்.

இதைக் காய்ச்சலிலிருந்து தொடங்க முடியாது. குலசிங்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குலசிங்கம் என் சகலன். என் மனைவி புவனத்தின் தங்கை தவமணியைக் கட்டியவர். தெருப் போடும் பகுதியில் ஓவசியர். வயதில் எனக்கு ஆறு வருடம் இளையவர், சம்பளத்தில் மூத்தவர். இரண்டு குடும்பமும் வடமராட்சியிலிருந்து வன்னிக்கு வந்து, இந்தச் சிறு பட்டினத்தில் ஒட்டியபடி இரண்டு வளவு வாங்கினோம். எது யாருக்கு என்று முடிவு செய்தவன் நான். மூலை வளவில் வெயில் கூட, தூசி கூட என்று அதை அவருக்குத் தள்ளிவிட்டேன். அடுத்த வருடமே அந்தப் பக்கத்துத் தெரு அகலமாகித் தார் போட்டுப் பெரிய தெருவாயிற்று. அவருடைய வாசல் படலை பெரிய தெருவைப் பார்க்கிறது. என்னுடையது பக்கத்து ஒழுங்கையைப் பார்க்கிறது. இதை நினைத்து நினைத்தே எனக்கு நாலு வருடம் போயிற்று.

பெரிய தெருவில் குப்பை வண்டில் திங்கள், புதன், வெள்ளி வரும். காலை ஏழு மணிக்கு மாட்டு மணி கேட்கும். வண்டில்காரர் வேலு குலசிங்கத்தின் படலையில் மாட்டை நிறுத்தி, தவமணி வைத்திருக்கும் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு போவார். எங்கள் ஒழுங்கைக்குச் சனிக்கிழமை மட்டுந்தான். அதுவும் வண்டில் உள்ளே வராது. ஒழுங்கை முகப்பில் நின்றுவிடும். வேலு பனையோலைக் கடகத்தோடு நடந்து வருவார். மழை என்றால் அதுவும் இல்லை. ஒழுங்கைக்குள் வண்டிலைத் திருப்ப இடமில்லை என்று வேலு எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எனக்கும் கண் இருக்கிறது, இடமில்லை என்பது தெரியும். ஆனாலும் ஓவசியர் வீடு என்பதால்தான் கிழமைக்கு மூன்று தரம் நிற்கிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பல் துலக்கியபடி வேலிக்கு மேலால் அந்த வண்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நெஞ்சுக்குள் எதையோ வைத்து அரைப்பது போலிருக்கும்.

எங்கள் இரண்டு வீட்டிலும் வெள்ளிக்கிழமை மரக்கறி. மீன் ஞாயிற்றுக்கிழமைதான். அன்றுதான் கொக்கிளாய்ப் பக்கத்து மீனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒருவர் வருவார். ஒரே மீன்தான் இரண்டு குசினிக்கும். அவர்களுடைய மீன் செதிலும் குடலும் திங்கள் காலையே வண்டிலில் ஏறிவிடும். எங்களுடையது சனி வரை ஆறு நாள் கிடக்கும். ஞாயிறு மீன் சாப்பிட்டுச் சனிக்கிழமை வண்டிலை எதிர்பார்த்திருக்கும் வீட்டில் எலி வராமல் வேறு என்ன வரும்? எலிக்கும் வண்டில் நாள் பாடமாகிவிட்டது. சனி பின்னேரம் ஒன்றையும் காணக் கிடைக்காது. ஞாயிறு மத்தியானம் குடும்பத்தோடு வந்துவிடும்.

குலசிங்கம் ஒருநாள் என்னிடம் வந்து சொன்னார்.

“அண்ணை, உந்த மீன் கழிவை ஏன் சனிக்கிழமை வரைக்கும் வைச்சிருக்கிறியள்? பொட்டாலை கொண்டுவந்து எங்கடை வாளிக்குப் பக்கத்திலை வையுங்கோ. திங்கக்கிழமை வேலு ஏத்திக்கொண்டு போவார்.”

பொட்டு என்பது இரண்டு வளவுக்கும் நடுவேயுள்ள கிடுகுவேலியில் ஆள் குனிந்து போக விட்டிருக்கும் வழி. அக்காவும் தங்கையும் கறிக்கிண்ணத்தோடு ஒரு நாளைக்குப் பத்துத் தரம் அதற்குள்ளால் போய்வருவார்கள். அவர் சொன்னது நல்ல யோசனை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“எங்கடை குப்பையை நாங்கள் பாத்துக்கொள்ளுவம். நீர் உம்மடையைப் பாரும்” என்றேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த நாளிலிருந்து எங்கள் குப்பையைக் கொண்டுபோய் அந்தப் பொட்டடியிலேயே கொட்டத் தொடங்கினேன். மணம் அவர்கள் பக்கம் போகட்டும் என்பதுதான் எண்ணம். இரண்டு மாதத்தில் பொட்டு அடைபட்டது. புவனம் தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் ஒழுங்கையால் நடந்து, பெரிய தெரு சுற்றிப் போனாள். கறிக்கிண்ணம் போவது நின்றது.

ஐப்பசி மழை தொடங்கியபோது குலசிங்கம் திரும்பவும் வந்தார். இந்த முறை படலையால் வந்தார்.

“அண்ணை, கோவியாதையுங்கோ. அந்தக் குவியலுக்கை எலி வளை வைச்சிட்டுது. எங்கடை அரிசிச் சாக்கையும் அரிச்சுப்போட்டுது.”

“எங்கடை வளவிலை ஒரு எலியும் இல்லை. உம்மடை பக்கத்தாலைதான் வருது” என்றேன்.

பொய். முந்தின நாள் பின்னேரந்தான் என் காலுக்கு மேலால் ஒன்று ஓடியிருந்தது. அவர் போன பிறகு எனக்குள்ளே பயம் வந்தது. அவர் காணாமல் குவியலைக் குறைத்துவிட வேண்டும் என்று, மழை வெள்ளம் கணுக்கால் அளவு நிற்க, வெறுங்காலோடு இறங்கி மண்வெட்டியால் இழுத்தேன். எனக்குக் குதிக்காலில் வெடிப்பு. வெள்ளத்தில் நிற்க அது எரிந்தது. பாதியில் களைத்து விட்டுவிட்டேன்.

பத்து நாளில் காய்ச்சல் பிடித்தது. தலையிடி, குளிர், நடுக்கம். எல்லாவற்றையும்விடக் கெண்டைக்கால் நோவுதான் பெரிது. புவனத்தின் சேலைத் தலைப்புப் பட்டாலும் கத்தினேன். கண் இரண்டும் சிவந்தது. நாலாம் நாள் சிவப்புக்குள்ளே மஞ்சள் ஏறியது. புவனம் செங்கமாரி என்றாள். கீழ்காய்நெல்லி அரைத்து மோரில் தந்தாள், உப்பை நிறுத்தினாள். என் வாய்க்கு மட்டும் உப்பில்லாமல் போகக் கூடாதென்று தானும் அதே உப்பில்லாக் கஞ்சியைக் குடித்தாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த நாள் எழும்பி நிற்க முடியவில்லை. குலசிங்கம்தான் கார் பிடித்து வந்து என்னைத் தூக்கி ஏற்றினார். காருக்குள் அவருடைய தோளில் சாய்ந்திருந்தபோதும், நான் கூப்பிட்டிருந்தால் இவ்வளவு கெதியாகக் கார் வந்திருக்குமா என்றுதான் நினைத்தேன்.

ஆசுப்பத்திரியில் வெளிநோயாளர் வாங்கில் உட்கார்ந்து ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். பிறகு நீண்ட வாட்டில் நடுக்கட்டில் கிடைத்தது. யன்னலோரக் கட்டில் பக்கத்து ஆளுக்கு. அவர் ஸ்கந்தபுரத்துக் கமக்காரர், சின்னத்தம்பியர். நெல் மூட்டை விழுந்து காலெலும்பு முறிந்தவர். கால் உடைந்தவருக்கு எதற்கு யன்னல் என்று அவர் மீதும் எனக்கு மனம் கோணிற்று.

டொக்டர் இளவயது. என் கண் மடலை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமத்திப் பார்த்தார்.

“வயல் வேலை செய்யிறனீங்களோ?”

“இல்லை, நான் வாத்தியார்.”

“வெள்ளத்துக்கை நிண்டனீங்களோ? வீட்டு வளவிலை எலி இருக்கோ?”

கட்டிலின் கால்மாட்டில் குலசிங்கம் சுடுதண்ணீர்ப் போத்தலோடு நின்றார். எலி இல்லையென்று அவரிடம் அடித்துச் சொல்லி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. இப்போது அவருக்கு முன்னால் எப்படி இருக்கிறது என்பது?

“எங்கடை வளவிலை ஒரு எலியும் இல்லை, டொக்டர். வெள்ளத்திலையும் நான் இறங்கேல்லை.”

குலசிங்கம் என்னைப் பார்த்தார். பிறகு சுடுதண்ணீர்ப் போத்தலின் மூடியை இறுக்கினார்.

“இரணைமடுப் பக்கத்து வயல்காரருக்கு ஒரு காய்ச்சல் வாறது. அதுதான் கேட்டனான்” என்று சொல்லிவிட்டு டொக்டர் செங்கமாரி என்றே எழுதினார். அதற்கு மருந்தென்று ஒன்றில்லை, ஓய்வும் குளுக்கோசும்தான் என்றார். நான் பொய் சொன்னதால் எனக்குக் கிடைத்த மருந்து அதுதான்.

அடுத்த இரண்டு நாளும் எனக்குச் சலம், அதுதான் சிறுநீர், குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொருவருடைய சலத்தையும் கண்ணாடிப் போத்தலில் பிடித்துக் கட்டிலுக்குக் கீழே வைப்பார்கள். காலையில் நேர்ஸ் அளந்து எழுதுவா. சின்னத்தம்பியரின் போத்தல் கழுத்து வரை நிறைந்து, காலை வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும். என்னுடையதில் அடியில் இரண்டு விரல், வெறுந்தேத்தண்ணி நிறத்தில். ஒரு மனிதன் இன்னொருவனின் சலப் போத்தலைப் பார்த்துப் பொறாமைப்பட முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நான் பட்டேன். கட்டிலுக்குக் கீழே தலையைத் தொங்கவிட்டு ஒவ்வொரு காலையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நேர்ஸ் புவனத்தைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய் மெல்லிய குரலில் பேசினா. புவனம் திரும்பி வந்து என் தலையணையைச் சரிசெய்தாள். சரியாக இருந்த தலையணை அது. அப்போதுதான் எனக்குச் சாவுப் பயம் பிடித்தது. சிறுநீரகம் வேலை நிறுத்தினால் உடம்பின் நஞ்சு உடம்பிலேயே தங்கிவிடும் என்று படிப்பித்தவன் நான்.

மூன்றாம் நாள் காலை டொக்டர் வந்தார். புவனமும் குலசிங்கமும் பக்கத்தில் நின்றார்கள். எனக்குக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. டொக்டர் என் போத்தலைத் தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“எரிச்சல் இருக்கோ, மாஸ்டர்?”

எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். சலம் போகும்போது எரிந்தாலும் எரிச்சல். அடுத்தவன் நன்றாயிருப்பதைப் பார்த்து மனம் வெந்தாலும் எரிச்சல். டொக்டர் கேட்டது முதலாவதை. என் காதில் விழுந்தது இரண்டாவது. இந்த மனிதன் போத்தலைப் பார்த்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

“இருக்கு, டொக்டர்.”

“எவ்வளவு நாளா?”

“நாலு வருசமா.”

எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது.

“நாலு வருசமோ? எப்ப கூட?”

“திங்கள், புதன், வெள்ளி. காலமை ஏழு மணிக்கு.”

டொக்டர் நேர்ஸைப் பார்த்தார். நேர்ஸ் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தா.

“மற்ற நாளிலை?”

“சனிக்கிழமை கொஞ்சம் குறைவு.”

“அப்பிடி ஒரு எரிச்சலை நான் கேள்விப்படேல்லை, மாஸ்டர். என்னத்தாலை வாறது?”

“குப்பை வண்டில் அவரின்ரை படலையிலை நிக்கிறதாலை.”

கையைத் தூக்கிக் குலசிங்கத்தைக் காட்டினேன். பிறகு நிறுத்த முடியவில்லை. மூலை வளவைத் தள்ளிவிட்ட கதை, வேலுவின் வாளி, ஞாயிற்றுக்கிழமை மீன், பொட்டை அடைத்துக் குவித்தது, எல்லாவற்றையும் சொன்னேன். “எலி இருக்கெண்டு அவர் சொன்னவர். நான் இல்லையெண்டனான். உங்களுக்கும் இல்லையெண்டு சொல்லிப்போட்டன். எனக்கு எரிச்சல், டொக்டர். வேறை ஒண்டுமில்லை” என்று அழுதேன்.

வாட்டில் யாரோ சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை.

“எலி இருக்கோ? உண்மையாவோ?”

குலசிங்கம்தான் பதில் சொன்னார். “கனக்க இருக்கு, டொக்டர். குவியலுக்குக் கீழை முழுக்க வளை. அண்ணை அந்த வெள்ளத்துக்கை வெறுங்காலோடை நிண்டு வெட்டினதை நான் வேலிக்கு மேலாலை கண்டனான்.”

நான் அவரை நாலு வருடம் வேலிக்கு மேலால் பார்த்தேன். அவரும் ஒருநாள் பார்த்திருக்கிறார்.

“அண்டைக்கு நான் கேக்கேக்கை ஏன் சொல்லேல்லை?” என்று டொக்டர் அவரைக் கேட்டார்.

“பெரிய ஆள், வாத்தியார். உங்களுக்கு முன்னாலை அவரைப் பொய்யராக்க மனம் வரேல்லை.”

டொக்டர் போர்வையை விலக்கி என் குதிக்காலைப் பார்த்தார். கெண்டைக்காலை மெல்ல அமத்தினார். நான் போட்ட சத்தத்தில் சின்னத்தம்பியர் எழும்பி உட்கார்ந்தார். டொக்டர் எனக்கு விளங்கும்படி சொன்னார். எலியின் சலத்தில் கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கிறது. அது தேங்கிய தண்ணீரில் கலக்கும். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் அதன் வழியே உடம்புக்குள் ஏறும். முதலில் சாதாரணக் காய்ச்சல் போலிருக்கும், பிறகு ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். ஈரலைப் பிடிப்பதால்தான் கண் மஞ்சளாகிறது; அதனால்தான் செங்கமாரி என்று ஏமாறுகிறோம். இதற்குப் பென்சிலின் ஊசி இருக்கிறது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்று போட வேண்டும்.

“இன்னும் ரெண்டு நாள் உதை மனசுக்கை வைச்சிருந்தியளெண்டால் எனக்குச் செய்ய ஒண்டும் இருந்திருக்காது” என்றார்.

முதல் ஊசியைப் போட்டபோது திரும்பிப் பார்த்தேன். குலசிங்கத்தைக் காணவில்லை.

ஊசி போட்டும் உடனே ஒன்றும் மாறவில்லை. என் இரத்தத்தை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அதன் பதில் நான் வீடு வந்து ஐந்தாம் நாள்தான் வந்தது. அதற்குள் பிழைப்பதா இல்லையா என்பதை உடம்பே முடிவு செய்திருக்கும். குடிக்கிற தண்ணீரையும் அளந்து தந்தார்கள். முகம் வீங்கியது. விக்கல் நிற்கவில்லை. தவமணி ஒவ்வொரு நாளும் கஞ்சி கொண்டுவந்தாள். புவனமும் அவளும் ஒரே வாங்கில் தோளோடு தோள் ஒட்டி இருப்பார்கள். இரண்டு மாதக் கதை அவர்களுக்குச் சேர்ந்திருந்தது. குலசிங்கம் மட்டும் வரவில்லை.

“எங்கை அவர்?” என்று கேட்டேன்.

“வேலை, அத்தான்” என்றாள் தவமணி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

கோபம் என்று எனக்கு விளங்கியது. நாலு வருடம் அந்த ஆள் வருவதைப் பார்த்தால் எனக்குப் பிடிக்காது. இப்போது வாட்டு வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். சின்னத்தம்பியரின் சகலன் ஸ்கந்தபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்து அவருடைய முதுகைத் துடைத்துவிட்டான். அதைப் பார்க்கவும் எனக்கு எரிச்சல்தான். இப்படியே கண்ணை மூடிவிட்டால் குலசிங்கத்துக்கு நான் கடைசியாகக் காட்டியது என் சுட்டுவிரலைத்தான் என்பது நெஞ்சில் கிடந்து உறுத்தியது.

ஊசி தொடங்கி நாலாம் நாள் விடியப் போத்தலில் பாதி இருந்தது. அடுத்த நாள் கழுத்து வரை. அதற்கடுத்த நாள் இரண்டாவது போத்தல் தேவைப்பட்டது. சின்னத்தம்பியர் தன் கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“இண்டைக்கு என்னை வெண்டிட்டியள், வாத்தியார்” என்றார்.

நான் குனிந்து இரண்டையும் பார்த்தேன். வென்றுதான் இருந்தேன். வாழ்நாளில் எதற்கும் நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. புவனம் அன்றைக்குத்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பதினேழாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். வாடகைக் கார் ஒழுங்கை முகப்பில் நின்றது. ஓட்டுநர், உள்ளே திருப்ப இடமில்லை என்றார். நான் இறங்கி, புவனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வளவுக்குள் போனதும் நேரே கோடிப்புறந்தான் போனேன்.

குவியலைக் காணவில்லை. நிலம் கொத்திச் சமமாக்கி, வளைகளுக்குக் கல்லும் மண்ணும் இறுக்கி, மேலே சுண்ணாம்பு தூவியிருந்தது. வேலிக்குப் புதுக் கிடுகு. நடுவில் பொட்டு திறந்திருந்தது.

“ஆர் செய்தது?”

“வேறை ஆர்?” என்றாள் புவனம். “நீங்கள் வாட்டிலை சொன்ன அண்டைக்குப் பின்னேரம் தொடங்கினவர். எல்லாத்தையும் ஒரேயடியா வேலுவின்ரை வண்டில் ஏத்தாதெல்லோ. திங்கள், புதன், வெள்ளி எண்டு கடகம் கடகமாத் தன்ரை படலைக்குக் கொண்டுபோய் வைச்சவர். கந்தோர் வேலை முடிஞ்சு வந்து பொழுதுபடுமட்டும் இதுதான் வேலை. முடியுமட்டும் உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டிட்டார்.”

எனக்கு என் குதிக்கால் வெடிப்பு நினைவுக்கு வந்தது.

“வெறுங்காலோடையோ?”

“இல்லை. கந்தோரிலை குடுத்த றப்பர் சப்பாத்து. முழங்கால் மட்டும் வரும்.”

அப்பாடா என்று மூச்சு விட்டேன். உள்ளதை எழுதுகிறேன் என்று தொடக்கத்தில் சொன்னேன், அதனால் இதையும் எழுத வேண்டும். அந்த மூச்சு வெளியே போய் முடியுமுன்னரே, அவருக்கு மட்டும் முழங்கால் வரை வரும் சப்பாத்து என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு புவனம் எனக்காகக் கொஞ்சம் மீன் வாங்கினாள். திங்கள் காலை ஏழு மணிக்கு முன், வாளியைத் தூக்கிக்கொண்டு செருப்போடு பொட்டடிக்குப் போனேன். அந்தப் பொட்டு குனியாமல் போகக்கூடியதில்லை. நன்றாகக் குனிந்து மறுபக்கம் தலையை நிமிர்த்தியபோது, குலசிங்கம் அந்தச் சப்பாத்தோடு படியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் புறப்படத் தயாராக இருந்தார். எழும்பி வந்து என் கையிலிருந்த வாளியை வாங்கித் தன் வாளிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இப்ப எரிச்சல் எப்பிடி, அண்ணை?”

முகத்தில் சிரிப்பில்லை. டொக்டரைப் போலவே கேட்டார். நானும் நோயாளி போலவே பதில் சொன்னேன்.

“முந்தினளவு இல்லை. ஆனால் உம்மடை சப்பாத்தைப் பாத்தாப் பிறகு திரும்பக் கொஞ்சம் தொடங்கிட்டுது.”

அவர் படியில் திரும்ப உட்கார்ந்து, இரண்டு சப்பாத்தையும் கழற்றி என் பக்கம் தள்ளினார்.

“போட்டுப் பாருங்கோ.”

தெருவில் மாட்டு மணி கேட்டது. போட்டேன். என் காலுக்கு இரண்டு விரல் பெரிது, நடந்தால் கழன்று விழும். நான் கழற்றவில்லை. அதோடேயே படலைக்குப் போய், வேலு இரண்டு வாளியையும் கவிழ்த்து முடியும்வரை நின்றேன்.